யார் தட்டினாலும்

அந்தக் காலத்தில், பூச்சிகளும் நம்மைப் போல வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, மலைக்காட்டில் விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குள் செவந்தி என்ற பட்டாம்பூச்சியும் அவள் தம்பி சுருளி என்ற வண்டும் குடியிருந்தார்கள். அக்காளும் தம்பியும் எப்படி வேறு வேறு உருவம் என்று கேட்காதீர்கள். அப்போது அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. இருவருக்கும் சாப்பாடு ஒன்றுதான், மரத்தில் முளைத்த காளான்.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. செவந்தியின் சிறகில் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

"மேல உச்சியில வெயில் இருக்காம்டா. சிறகக் காய வச்சுட்டு வந்துர்றேன். நீ வாசல்ல மரத்தூள அடைச்சுக்க. நான் வந்து தட்டுனா தெற."

"என்னைய மறந்துராதக்கா."

"உன்னையவா? போடா கூறுகெட்டவனே."

மறுநாளே தட்டும் சத்தம் கேட்டது. தூளைத் தள்ளிக்கொண்டு ஓடினான் சுருளி. இலையிலிருந்து சொட்டும் மழைநீர். இன்னொரு நாள் ஓடினான், நாவல்பழம் விழுந்திருந்தது. போகப் போக அக்காளின் குரலே கேட்க ஆரம்பித்தது. வெளியே வந்து பார்த்தால் காடு மட்டும் இருக்கும். இவ்வளவு தனியாக ஒருவன் இருக்க முடியும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

ஒரு நாள் பலமான தட்டல். அக்காளேதான் என்று தலையை நீட்டினான். மரங்கொத்தி! அலகு முதுகில் வழுக்கியதால் உயிர் தப்பினான். உள்ளே உருண்டு விழுந்து, வாசலை அடைத்துக் காலை மடக்கிக்கொண்டான்.

"இனி எவன் தட்டினாலும் நான் செத்தவன்தான்."

மழை ஓய்ந்த ஒரு காலையில் மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது.

"சுருளி, நான்தான்டா. தெற."

இந்தக் குரலுக்கு எத்தனை தடவை ஏமாந்திருக்கிறான்! அவன் அசையவில்லை.

"தம்பி... இருக்கியா?"

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

பசி பொறுக்காமல் சாயங்காலம் வெளியே வந்தவன், வாசல் காளான்மேல் சிறகுப்பொடி அப்பியிருப்பதைப் பார்த்தான். நன்றாகக் காய்ந்த பொடி. "அக்கா!" என்று கத்தினான். தம்பி வேறு மரத்துக்குக் குடிபோய்விட்டான் என்று நினைத்து, அவள் அவனைத் தேடிப் போயிருந்தாள். தானும் தேடிப் போகலாமா என்று நினைத்தான். திரும்பி வந்தால் இங்கேதானே வருவாள்? அங்கேயே இருந்துவிட்டான். ஆனால் பட்ட பயம் போகவில்லை. தட்டல் கேட்டால் மனம் வாசலுக்கு ஓடும், கால்கள் தாமாக மடங்கிக்கொள்ளும்.

அன்று முதல்தான் காட்டுப் பட்டாம்பூச்சி விழுந்த மரம் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறக்கிறது. காளான் வண்டோ தன் மரத்தை விட்டு நகராமல், யார் தொட்டாலும், அவளே வந்து தொட்டாலும், செத்ததுபோல் கிடக்கிறது.