கூவாத சுல்தான்

ஒரு ஊர்ல ஒரு சேவல் இருந்துச்சாம். பேரு சுல்தான். செக்கச்செவேல்னு கொண்டை, வழிச்சு வாரிவிட்ட மாதிரி வாலு. எல்லாம் இருந்துச்சு, கூவ மட்டும் தெரியாது. வாயத் தொறந்தா "கொக்... கொக்..."னு விக்கல் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ம் சொல்லு.

அத வளத்தவ மைமூன். உன்னவிட ஒரு சாண் உசரம். குஞ்சா இருந்தப்பலேர்ந்து அது அவ மடியிலதான் தூங்கும். ஒரு நாள் அடுப்படியில அவ உம்மா வாப்பாகிட்டப் பேசுறது அவ காதுல விழுந்துச்சு.

"கூவாத சேவலுக்கு எத்தன நாளைக்குங்க தீனி போடுறது? வெள்ளிக்கெழம எங்க காக்கா வர்றாக, கூடப் பொறந்த அண்ணன். அறுத்துக் கொழம்பு வச்சிருவோம்."

"அதுக்குள்ள கூவுனா இருக்கட்டும். கூவலன்னா அறுத்துரலாம்"னாக வாப்பா.

மைமூன் ஓடிப்போயி சுல்தான வாரி மடியில வச்சுக்கிட்டா. அப்புறம் அவளே யோசிச்சா. சுல்தானுக்குத்தானே கூவத் தெரியாது, எனக்குத் தெரியுமே. அவ பூன மாதிரி கத்துனா பூனையே திரும்பிப் பாக்கும், அப்படியாப்பட்ட ஆளு.

மறுநா விடியக்காலம் கோழிக்கூட்டுக்குப் பின்னால குந்திக்கிட்டு, மூக்கப் புடிச்சுக்கிட்டு, "கொக்கரக்கோஓஓ!"

அந்த ஊர்ல சேவல் கூவுனா, அது மலக்க, அதான் வானவரப் பாத்துருச்சுன்னு அர்த்தம். கையில உள்ளதப் போட்டது போட்டபடி விட்டுட்டு அல்லாகிட்ட அருள் கேட்டு துஆ ஓதணும். கழுத கத்துனா ஷைத்தானப் பாத்துருச்சுன்னு வேற துஆ. நான் கழுத மாதிரி கத்திக் காட்டணும்னு உனக்கு ஆச, எனக்குத் தெரியும், பேசாம படு.

அப்போ, பக்கத்து வீட்ல சரக் சரக்னு கூட்டிக்கிட்டிருந்த பல்கீஸ் மாமி வெளக்கமாத்த நிறுத்துனாக. கீச்சுக் குரல்ல, "யா அல்லாஹ், ஒன் அருள்லேர்ந்து எனக்குத் தா. எம் மருமவ கறியில உப்ப அளவாப் போடணும்." உம்மாவும் தோசைக் கரண்டியோட நின்னு ஓதுனாக. வாப்பாவும் ஓதிட்டு, "அட, சுல்தான் கூவிருச்சே"ன்னாக.

மைமூனுக்கு உசுரு வந்துச்சு. ம்?

ரெண்டாம் நாளும் கூவுனா. இந்தத் தடவ கடைசியில நீட்டி, வளச்சு, ஒரு கொக்கியும் போட்டா. தெருவே துஆ ஓதுச்சு. அப்புறம் தொப் தொப்னு காலடிச் சத்தம். வாப்பா.

"மைமூனு, எந்த வீட்டுச் சேவல் கூவுனாலும் இங்க முத ஆளா ஓதுறது நீதான். தூக்கத்துலகூட ஓதுவ. ரெண்டு நாளா ஒன் சத்தத்தக் காணமே?"

"மனசுக்குள்ள ஓதுனேன் வாப்பா."

"நீயா? நீ மனசுக்குள்ள தும்முனாக்கூடத் தெருவுக்குக் கேக்கும்."

வாப்பா திட்டல. "நாளைக்கு வெள்ளிக்கெழமம்மா"ன்னுட்டுப் போயிட்டாக. திட்டியிருந்தாத் தேவல.

மூணாம் நாள். முத்தத்துல சரட்... சரட்... கத்தி தீட்டுறாக. மைமூன் சுல்தான அக்குள்ள இடுக்கிக்கிட்டு உள்ரூமுக்கு ஓடிட்டா. ஒளிய எடமில்ல. எதுத்தாப்புல உம்மாவோட நிலைக்கண்ணாடி. அதுல அவ மொகம், மூக்கு ஒழுகிக்கிட்டு, தலை பரட்டையா. கண்ணாடி பாத்தா ஓதுற துஆ தானா வந்துருச்சு. "யா அல்லாஹ், என் உருவத்த அழகாக்குன மாதிரி எங் கொணத்தையும் அழகாக்கு." தேம்பித் தேம்பிச் சொன்னா.

அப்போ சுல்தானும் கண்ணாடியப் பாத்துச்சு. அது அந்த ரூமுக்கு வந்ததே இல்ல. உள்ள இன்னொரு சேவல், அதே கொண்டை, அதே வாலு, மைமூன் அக்குள்ள சொகமா உக்காந்திருக்கு. சுல்தானுக்கு வந்துச்சு பாரு கோவம். கழுத்து முடி சிலுத்துக்குச்சு. றெக்கைய படபடபடன்னு அடிச்சு, "கொக்... கொக்... கொக்கரக்கோஓஓ!"

அந்தச் சத்தத்துக்கு மேலயே மைமூன் யோசிக்காம, அருள் கேக்குற அந்தத் துஆவ ஓதிட்டா. "அல்லாஹும்ம இன்னீ அஸ்அலுக மின் ஃபள்லிக."

சரட் நின்னுபோச்சு.

"இதுவும் இவ வேலதான்"னாக உம்மா.

வாப்பா கத்தியும் கையுமா வாசப்படியில நின்னு காது குடுத்துக் கேட்டாக. சுல்தான் கண்ணாடியக் கொத்திக் கொத்திக் கூவுது. மைமூன் ஒவ்வொரு கூவலுக்கும் ஓதுறா.

"இல்ல புள்ள. கூவுறதும் கேக்குது, ஓதுறதும் கேக்குது. இவளுக்கு இருக்குறது ஒரு வாயிதான்."

அப்புறம் கத்தியத் தொடச்சு மேல சொருகிட்டு, "ஒங்க காக்காவுக்கு மீன் வாங்கியாறேன்"னு பையத் தூக்கிட்டாக. மைமூன் அப்படியே தரையில உக்காந்து, சுல்தான் கழுத்துல மொகத்தப் பொதச்சுக்கிட்டு அழுதா, சிரிச்சா, அவளுக்கே எதுன்னு தெரியல.

செவுத்துக்கு அங்குட்டிருந்து பல்கீஸ் மாமி, "ஏம்மா மைமூனு, இன்னொருக்காக் கூவச் சொல்லு. அல்லாகிட்ட கேக்குறதுக்கு எனக்கு இன்னும் பாக்கி இருக்கு."

சுல்தான் கூட்டுக்குள்ள போயாச்சு, கதையும் அதுகூடப் போய் அடஞ்சாச்சு. நீயும் தூங்குற துஆவ ஓதிட்டுக் கண்ண மூடு. ம்? ம் வரலயா? சரி, ஒனக்கும் சேத்து நானே ஓதிர்றேன்.