பட்டியலில் ஏறாத மூன்று பேர்

குருவுக்கு வயது இருபத்தேழு. சீடருக்கு ஐம்பத்து மூன்று. அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

குருவின் பெயர் பெனிட்டா. உரக்கடைக்கு மேலே மாடியில் ஆறு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு எக்செல் சொல்லிக்கொடுப்பவள். சீடர் தில்லைநாயகம், அதே ஊரில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் குமாஸ்தா. போன வருஷம் அவளிடம் மூன்று மாதம் படித்தார். மகள் வயதுப் பெண்ணை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், வகுப்பு இல்லாத நேரம் பார்த்து, மழையில் நனைந்தபடி மாடியேறி வந்தார். தலையைக்கூடத் துடைக்கவில்லை.

"டீச்சர், என் மேக்ரோல ஒரு தப்பு இருக்கு. எங்கன்னு பாத்துச் சொல்லணும்."

"என்ன செய்யுது சார்?"

"வரிசையைத் தேர்ந்தெடுத்து காப்பி பண்ணினா எல்லாம் போகல."

"எத்தனை போகல?"

"மூணு."

"அவசரமா?"

அவர் ஈரச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "இனிமே இல்ல," என்றார்.

பெனிட்டா வேறெதுவும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அந்த மேக்ரோ, அதாவது எக்செல் தானாகச் செய்யவேண்டிய வேலையை எழுதிவைக்கும் சின்ன நிரல், தில்லைநாயகம் சொந்தமாக எழுதியது. ஆஸ்பத்திரியில் நூற்று முப்பது நோயாளிகளின் பெயர் ஒரே ஷீட்டில் இருக்கிறது. மறுநாள் வரவேண்டியவர்களின் வரிசைகளை மவுஸால் தேர்ந்தெடுத்து ஒரு பட்டனை அழுத்தினால், அவை இன்னொரு ஷீட்டுக்குப் போகும். அதை அச்செடுத்து வேன் டிரைவரிடம் ஒன்று, நர்ஸிடம் ஒன்று. முன்பெல்லாம் கையால் எழுதி மாலை ஆறு மணியாகும். மேக்ரோ வந்தபின் ஐந்துக்கே பஸ் ஏறினார். ஆஸ்பத்திரியில் நாலு பேரிடமாவது இதைப் பற்றிப் பெருமை அடித்திருப்பார். ஏழு மாதம் ஒரு பெயர் தவறவில்லை.

"செவ்வாய்க்கிழமை எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே செய்யுங்க," என்றாள் பெனிட்டா. செவ்வாய்க்கிழமை என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

அவர் புதன்கிழமை நோயாளிக் கூட்டத்தின் பதினொரு வரிசைகளை ஒரே இழுப்பில் தேர்ந்தெடுத்தார். பிறகு கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு, கீழே தள்ளித் தள்ளி இருந்த மூன்று வரிசைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். மவுஸ் நழுவி ஒன்று தவறியது. மறுபடி முதலிலிருந்து தேர்ந்தெடுத்து, பட்டனை அழுத்தினார்.

திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது. 'வெற்றிகரமாக முடிந்தது.'

"இதை யாரு சொல்றா?" என்றாள் பெனிட்டா.

"மேக்ரோ."

"மேக்ரோவுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நான்தான். கடைசி வரில நானே எழுதிவச்சேன்."

"காப்பி ஆகலைன்னாலும் இது வருமா?"

தில்லைநாயகம் யோசித்தார். "வரும்," என்றார்.

"நீங்க எத்தனை பேரை எடுத்தீங்க?"

"பதினாலு."

"அந்தப் பக்கம் போய் எண்ணுங்க."

அடுத்த ஷீட்டைத் திறந்து, திரையில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகத் தொட்டு எண்ணினார். பதினொன்று. செவ்வாய்க்கிழமையும் இவ்வளவுதான் வேலை, அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. மனிதர் எண்ணவில்லை. அவர் எழுதிவைத்ததை அவருக்கே அது படித்துக் காட்டியது, நம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

பெனிட்டா மேக்ரோவைத் திறந்து ஒரு வரியைக் காட்டினாள்.

"எத்தனை வரிசைன்னு இந்த வரிதான் எண்ணுது. இது முதல் கொத்தை மட்டும்தான் எண்ணும் சார். விட்டு விட்டு எடுத்தீங்கன்னா, அடுத்த கொத்தெல்லாம் இதுக்குக் கண்ணுலயே படாது. தப்புன்னும் சொல்லாது."

"இத்தனை நாள் சரியா வந்துச்சே."

"இத்தனை நாள் ஒரே கொத்தா எடுத்திருப்பீங்க."

"ஆமா." பிறகு மெதுவாகச் சொன்னார். "இந்த வரி நீங்க போர்டுல எழுதிப் போட்டது டீச்சர்."

அவர் குற்றம் சொல்லவில்லை. மாணவன் பாடத்தை ஒப்பிப்பது போலத்தான் சொன்னார். பெனிட்டாவுக்கு முகம் மாறிப்போயிற்று.

"ஆமா, நான் எழுதினதுதான்," என்றாள். "விட்டு விட்டு எடுத்தா என்ன ஆகும்னு அன்னைக்கு நான் சொல்லல."

"நானும் கேக்கல."

பிறகு அவள் கீபோர்டை அவர் பக்கம் தள்ளி, ஒவ்வொரு கொத்தாகப் போய் எண்ணச் சொல்லும் 'லூப்' வரிகளை அவர் கையாலேயே அடிக்கவைத்தாள். மொத்தம் இரண்டே வரிகள். மறுபடி பட்டனை அழுத்தியதும் பதினான்கு பெயர்களும் வந்து உட்கார்ந்தன. அவர் மூன்று தடவை எண்ணினார்.

"இப்ப சரியா டீச்சர்?"

"சரி."

தில்லைநாயகம் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு தாளை எடுத்தார். தாள் மட்டும் நனையவில்லை. பெரிய டாக்டருக்கான விளக்கக் கடிதம் அது. 'கணினி நிரலில் இருந்த தொழில்நுட்பக் கோளாறால் மூன்று பெயர்கள் விடுபட்டன. கோளாறு கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது.'

"விவரம் தெரிஞ்சவங்க யாராவது பாத்ததா ஒரு கையெழுத்து வேணுங்காரு. நீங்க போட்டா போதும்."

பெனிட்டா படித்தாள். "எழுதியிருக்கது பொய்யில்ல," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அந்த மூணு பேரும் யாரு சார்?"

அவள் கேட்காமல் விட்டிருக்கலாம் என்று அவர் நினைத்திருப்பார். ஆனாலும் சொன்னார். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கான தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் பழுதாகி, அன்றைய கூட்டத்தை வியாழனுக்குத் தள்ளினார்கள். வியாழன்வரை தாங்க மாட்டார்கள் என்று டாக்டர் மூன்று பேரின் பெயரைப் பேனாவால் சுழித்து, புதன்கிழமையே கூட்டிவரச் சொன்னார். மூன்று வீட்டுக்கும் போன் போட்டு, வேன் காலை ஏழு மணிக்கு வரும் என்று சொன்னவர் தில்லைநாயகம்.

"புதன்கிழமை ஒருத்தர் ஆட்டோ பிடிச்சு வந்துட்டாரு. ஒரு அம்மா பஸ்ல வந்தாங்க. லிஸ்ட்ல பேர் இல்லைன்னு நர்ஸ் எங்கிட்ட அனுப்பினாங்க. நான் அவங்களைச் சத்தம் போட்டேன் டீச்சர். வேனை விட்டுட்டு வந்து கதை சொல்லாதீங்கன்னேன். மேக்ரோ தப்பாதுன்னு லிஸ்டை எடுத்துப் பாக்கவே இல்ல, கடைசில நர்ஸே அவங்க ரெண்டு பேரையும் சேத்துக்கிட்டாங்க."

"மூணாவது ஆள்?"

"பூலம்மாள். ஆலடிப்பொத்தையிலேருந்து வரும். புருஷன் மாடக்கண்ணு கூடவே வருவாரு. ரெண்டு பேரும் ரோட்டுல நின்னுருக்காங்க, ஏழு மணிலேருந்து மதியம்வரைக்கும்."

"போன் பண்ணலையா?"

தில்லைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். "வேன் எங்கன்னு கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யக் கூடாதுன்னு நான்தான் போர்டு எழுதி மாட்டியிருக்கேன். நாள்பூராவும் தொந்தரவுன்னு. அவரு சொன்ன பேச்சைக் கேக்கிற ஆளு."

வியாழன் விடியும் முன்பே பூலம்மாளுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. ஆம்புலன்ஸ் ஊருக்குள் வந்தபோது உயிர் இல்லை.

கீழே உரக்கடையில் மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது.

"அவரைப் பாத்தீங்களா?"

"இன்னைக்குக் காலைல வந்தாரு. சிகிச்சை நோட்டு ஆஸ்பத்திரிச் சொத்தாச்சே, திருப்பிக் குடுக்கணும்னு கொண்டுவந்தாரு. நேத்து சாயங்காலம்தான் அடக்கம். இன்னைக்கு நோட்டைக் கொண்டு வாராரு."

"ஏதாவது கேட்டாரா?"

"கேட்டாரு." தில்லைநாயகம் பிளாஸ்டிக் கவரை மடிக்க ஆரம்பித்தார். "பூலம்மாளுக்கு வெயில் தாங்கலைன்னு, வேன் நிக்கிற இடத்தைவிட்டுப் பத்தடி தள்ளி வேம்பு நிழல்ல உக்கார வச்சாராம். 'டிரைவர் தம்பி ரோட்டுல ஆளைக் காணோம்னு போயிருச்சா சார்? நான்தான் அவளை எடம் மாத்தி உக்கார வச்சேன்'னு கேக்காரு. ஊர்ல எல்லாரும் அதையேதான் சொல்றாங்களாம். மகனும் அவருகூடப் பேசலையாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. நோட்டை வாங்கி மேசைல வச்சேன்."

"அவரு?"

"கும்பிட்டுட்டுப் போயிட்டாரு."

பெனிட்டா கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தாள். "இது பெரிய டாக்டருக்கு மட்டும்தானா?"

"ஆமா. வெளிய யாருக்கும் சொல்ல வேண்டாம்னுட்டாரு. கேஸு கீஸுன்னு வந்துரும், உன் வேலைக்கும் நல்லதில்லைன்னாரு. எனக்கு இன்னும் அஞ்சு வருஷ சர்வீஸ் இருக்கு டீச்சர். ரெண்டு பொண்ணுங்க."

பெனிட்டா தாளை மடித்து அவரிடம் கொடுத்தாள். கம்ப்யூட்டரை அணைத்தாள். மற்ற ஐந்தையும் போய் அணைத்தாள். வகுப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கரும்பலகையில் 'இன்று வகுப்பு இல்லை' என்று எழுதிவிட்டு, மூலையில் கிடந்த குடையை எடுத்தாள்.

"எங்க டீச்சர்?"

"ஆலடிப்பொத்தைக்கு பஸ் உண்டுல்லா?"

தில்லைநாயகம் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். மேக்ரோவைத் திருத்திவிட்டால் இந்த மாடியிலிருந்து நிம்மதியாக இறங்கலாம் என்று எண்ணி வந்த மனிதர் அவர்.

"நீங்களும் வாரீங்களா?"

"அந்த வரியை எழுதினது நான்தானே சார்."

"போய் என்னன்னு சொல்ல, டீச்சர்? லூப்பு, கொத்து, கன்ட்ரோல் பட்டன்னா அந்த மனுஷனுக்கு என்ன புரியும்?"

வாசற்படியில் நின்றபடி குரு சொன்னாள்:

"அதெல்லாம் எதுக்கு சார்? 'நீங்க எந்த எடத்துல நின்னிருந்தாலும் அன்னைக்கு வேன் வந்திருக்காது'ன்னு அவருகிட்டச் சொல்லுங்க."