ஜமீன் மாளிகையில் கிடைத்த 'போயிட்டு வாங்க'

மந்தைக்குளத்துக்காரர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர்களுடைய கஷ்டமே அதுதான். நாம் சொல்வது ஓர் எழுத்து பிசகாமல் காதில் விழும். விழுந்தது ஓர் எழுத்து பிசகாமல் கைக்கு வந்துவிடும். நடுவிலே மூளை என்று ஒரு சுங்கச்சாவடி இருக்கிறது அல்லவா, அங்கே மட்டும் அவர்கள் வண்டியை நிறுத்துவதில்லை.

அந்த ஊர்க்காரன் தளவாய்க்கு உரக்கடைக் குலுக்கலில் முதல் பரிசு விழுந்தது. மலையடிவாரத்தில் இடிந்து கிடந்த வேங்கைமலை ஜமீன் மாளிகையை யாரோ ஒரு சீமான் வாங்கி, பழைய தேக்குத் தூணும் பழைய தரையும் மினுங்கும்படி பழுதுபார்த்து, பணக்காரர்கள் வந்து தங்குகிற விடுதியாக்கியிருந்தார். அதில் நாலு பேர் ஒரு ராத்திரி தங்கிச் சாப்பிட்டு வரலாம் என்பதுதான் பரிசு. தளவாய் மனைவி கோமு, பசு கன்று போட்டிருக்கிறது, நான் வரவில்லை என்றுவிட்டாள். அதனால் தளவாய் தன் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டான். பத்தாம் வகுப்பு வரை போய்வந்த ஆவுடையப்பன், மூட்டை தூக்கும் பிச்சாண்டி, லோடு ஆட்டோ வைத்திருக்கும் உலகநாதன்.

கிளம்புகிற நேரத்தில் கோமு வாசலை மறித்து நின்றாள். அவளுக்கு ஆறாத மனவருத்தம் ஒன்று இருந்தது. போன மாசம் அவள் அண்ணன் புதுவீட்டில் பால்காய்ப்பு. அடுப்பில் பானையை ஏற்றிவிட்டு, "மாப்பிள்ளை, பாலைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். தளவாயும் பார்த்துக்கொண்டான். பொங்கி வரும்போதெல்லாம் ஊதினான், விசிறினான், தண்ணீர் தெளித்தான். ஒரு சொட்டுக்கூட வெளியே வழியாமல் காப்பாற்றிவிட்டான். பால் பொங்கி வழிவதைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்த சொந்தபந்தமெல்லாம் ஏமாந்து போனது. அண்ணன் அத்தனை பேர் முன்னாலும் வாசலைக் காட்டி, "போங்க" என்று சொல்லிவிட்டான்.

"நம்ம பக்கம் எதிரியக்கூட 'போங்க'ன்னு அனுப்ப மாட்டாவ. 'போயிட்டு வாங்க'ம்பாவ," என்றாள் கோமு. "அந்த மாளிகைக்காரவ வாயால 'போயிட்டு வாங்க'ன்னு கேட்டுட்டு வாங்க. 'போங்க'ன்னு விரட்டிவிட்டாவன்னா இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. சோறும் கிடையாது."

தளவாய்க்குக் கோமு மேல் உயிர். அவள் வைக்கிற புளிக்குழம்பின் மேல் அதற்கும் ஒரு பிடி கூடுதல். வழி நெடுக லோடு ஆட்டோவின் பின்னால் உட்கார்ந்து, 'போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனான். எதிரே வந்தவர்கள் எல்லாரும் தங்களுக்குத்தான் சொல்கிறான் என்று நினைத்து, சரி சரி என்று தலையாட்டினார்கள்.

மாளிகை முகப்பில் மேனேஜர் ஜெயசீலன் கை கூப்பி வரவேற்றார். நல்ல மனிதர். லோடு ஆட்டோவில் வந்த விருந்தாளிகளைக் கண்டும் அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. பித்தளைத் தட்டில் குளிர்ந்த துண்டுகளைச் சுருட்டி வைத்து நீட்டி, "முகம் துடைச்சுக்கோங்க அண்ணாச்சி, எல்லாருக்கும் இருக்கு" என்றார். நால்வரும் துடைத்தார்கள். தட்டில் ஒரு துண்டு மீந்தது.

எல்லாருக்கும் என்று சொல்லியிருக்கும்போது ஒரு துண்டு மீந்தால், யாரோ ஒருத்தர் இன்னும் துடைக்கவில்லை என்றுதானே கணக்கு. நால்வரும் சுற்றிப் பார்த்தார்கள். கூடத்துச் சுவரில் பழைய ஜமீன்தார் ஆளுயரப் படமாக நின்றுகொண்டிருந்தார். ஓவியர் ஒருவர் முந்தின நாள்தான் அவர் மீசைக்குப் புதுச் சாயம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பிச்சாண்டி நாற்காலி மேல் ஏறி, பெரிய மனிதர் என்ற மரியாதையோடு மெதுவாகத்தான் துடைத்தான். அப்படியும் இடது பக்க மீசை முழுவதும் துண்டுக்கு வந்துவிட்டது.

ஜெயசீலன் ஓடி வந்தார். படத்தைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், வாயைத் திறந்தார். "போ..." என்று ஆரம்பித்தார். தளவாய்க்குக் கோமு கதவைச் சாத்துகிற சத்தமே காதில் கேட்டுவிட்டது.

"போ... போகட்டும் விடுங்க," என்று முடித்தார் ஜெயசீலன்.

அவர் போனதும் நால்வரும் கூடிப் பேசினார்கள். 'போகட்டும்' என்பது 'போங்க' கணக்கில் சேருமா என்பது தளவாயின் கவலை. ஆவுடையப்பன் கண்ணை மூடி யோசித்தான். "அது நமக்குச் சொன்னது இல்ல வே. மீசைக்குச் சொன்னது. மீசை போகட்டும்னு சொல்லியிருக்காரு" என்றான். படித்தவன் படித்தவன்தான் என்று தளவாய் மனம் குளிர்ந்தான்.

அறை மாடியில் இருந்தது. தந்தம் பதித்த கட்டில், ஆள் உயரக் கண்ணாடி, வெல்வெட் திண்டு. "இது ஜமீன்தார் படுத்த அறை. அவர் இருந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சிருக்கோம். உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் இறங்கினார்.

வீடு மாதிரி என்றால் சும்மா கட்டிலில் விழுந்து கிடக்க முடியுமா? வீட்டுக்கு வருகிறவர்களைக் கவனிக்க வேண்டாமா? நால்வரும் கீழே இறங்கி முகப்பில் நின்றுகொண்டார்கள். பெங்களூரிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பத்தை வழிமறித்து, வாங்க வாங்க என்று பெட்டிகளைப் பிடுங்கி உள்ளே வைத்து, ஏன் இப்படி இளைத்துப் போனீர்கள் என்று கேட்டார்கள். குடும்பத்துப் பெரியவரின் சட்டையைக் கழற்றிக் காற்றாட உட்கார வைத்தார்கள். அந்த ஐயாவுக்கு இது ஜமீன் காலத்து உபசாரம் என்று தோன்றியிருக்க வேண்டும். மேனேஜரைக் கூப்பிட்டு மெச்சிக்கொண்டார்.

மத்தியானம் சாப்பிடப் போகும்போது ஆவுடையப்பன் ஒரு காரியம் செய்தான். மேசை மேல் ஓட்டை போட்ட அட்டை ஒன்று கிடந்தது. அறைக்கதவின் வெளிக் கைப்பிடியில் ஒன்றும் மாட்டாமல் சும்மா இருந்தது. ஓட்டை கைப்பிடிக்குச் சரியாக இருக்கிறதே என்று மாட்டிவிட்டு வந்தான். சாப்பிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், அட்டையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'உள்ளே ஓய்வெடுக்கிறார். தொந்தரவு செய்யாதீர்கள்.'

நால்வரும் நுனிக்காலில் நின்றார்கள்.

"யாரு ஓய்வெடுக்கா? நாம எல்லாரும் வெளியதானல நிக்கோம்?" என்று உலகநாதன் கிசுகிசுத்தான்.

"ஜமீன்தார்தான்," என்றான் ஆவுடையப்பன். "அவரு அறைன்னு மேனேஜரே சொன்னாருல்லா. சாப்பிட்டுட்டு வந்து படுத்திருக்காரு."

"எழுப்பிடாதீங்க வே," என்றான் தளவாய். "ஏற்கெனவே மீசை போன கோவத்துல இருப்பாரு."

சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். பிச்சாண்டிக்குத் தும்மல் வந்தது. மற்ற மூன்று பேரும் சேர்ந்து அவன் மூக்கை அமுக்கி அதை உள்ளேயே அனுப்பினார்கள். வெயில் தாழ்ந்தது, நிழல் நீண்டது. காபி கொண்டுவந்த பணியாளை விரலை வாயில் வைத்துத் திருப்பி விட்டார்கள். அவன் போய்ச் சொல்ல, ஜெயசீலன் மேலே வந்தார். ஐயா தூங்குகிறார் என்று தளவாய் அவர் காதில் சொன்னான். எந்த ஐயா என்று கேட்டார். ஒரு பக்க மீசைக்காரர் என்றான். மேனேஜர் அட்டையைத் திருப்பி மாட்டிக் கதவைத் திறந்துவிட்டுப் போனார். அட்டைக்குப் பின்பக்கமும் எழுத்து இருக்கிறது என்பதை அவர் அந்த நேரத்தில் மறந்துவிட்டார் பாவம்.

பின்பக்கத்தில் எழுதியிருந்தது: 'அறையைச் சுத்தம் செய்யவும்.'

ஓசியில் தங்கவைத்துச் சோறு போடுகிறவர்கள் ஒரு வேலை சொன்னால் தட்ட முடியுமா? போகிப் பண்டிகைக்கு வீட்டை ஒழிக்கிற முறைப்படியே செய்தார்கள். பிச்சாண்டி தந்தக் கட்டிலைத் தலைமேல் வைத்து முற்றத்தில் இறக்கினான். கண்ணாடி, திண்டு, மெத்தை, திரைச்சீலை எல்லாம் பின்னாலேயே வந்தன. உலகநாதன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற, தளவாய் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தான். தண்ணீர் மாடிப்படியில் அருவி மாதிரி இறங்கியது. பெங்களூர்க் குடும்பம் கீழே நின்று படம் பிடித்தது.

ஜெயசீலன் முழங்கால் நனைய நின்று, "போ..." என்றார்.

தளவாய் துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டான். அவனுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

"போ... போதும் அண்ணாச்சி. போதும்," என்று கும்பிட்டார் மேனேஜர். வேறு அறை தருவதாகவும், அங்கே தயவுசெய்து எதையும் தொடக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். கட்டிலைத் தொடாமல் எப்படிப் படுப்பது, தரையைத் தொடாமல் எப்படி நிற்பது என்று அறை வாசலிலேயே வெகுநேரம் விவாதம் நடந்தது. கடைசியில் லோடு ஆட்டோ நம்முடையதுதானே, அதைத் தொடலாம் என்று ஆவுடையப்பன் தீர்ப்புச் சொல்ல, ஜமீன் மாளிகைக்கு வந்த நால்வரும் அதில் படுத்துத் தூங்கினார்கள்.

விடிந்தது. வழியனுப்ப மேனேஜர், சமையல்காரர், தோட்டக்காரர், காவலாளி எல்லாரும் முகப்பில் வந்து நின்றார்கள். யாரும் கூப்பிடாமல் தாங்களாகவே வந்திருந்தார்கள். ஜெயசீலன் கை கூப்பினார். ஊரில் பழகிய வாய், என்ன நடந்திருந்தாலும் அதற்கு வேறொன்று வராது.

"போயிட்டு வாங்க அண்ணாச்சி."

தளவாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. கிடைத்துவிட்டது! கோமு தலைவாழை இலையே போடுவாள். லோடு ஆட்டோ புறப்பட்டு, வாசல் வளைவைத் தாண்டி, புளியமரம் வரை போனது. அங்கே ஆவுடையப்பன் நிறுத்தச் சொன்னான்.

"அவரு என்ன சொன்னாரு?"

"போயிட்டு வாங்கன்னாரு."

"போயிட்டோம். வர வேண்டாமா?"

தளவாய் யோசித்தான். போய்விட்டு வராமல் இருந்துவிட்டால் பாதிதான் நிறைவேறியதாகும். பாதி என்றால் வெறும் 'போங்க'. அதைக் கோமுவிடம் எப்படிச் சொல்வது? வண்டி திரும்பியது.

முகப்பில் அப்போதுதான் பெருமூச்சு விட்டு உட்கார்ந்த ஜெயசீலன் எழுந்தார். ஏதாவது மறந்து வைத்துவிட்டீர்களா என்று கேட்டார். நீங்கள்தானே வரச் சொன்னீர்கள் என்றான் தளவாய். விஷயம் புரிந்ததும், "ஐயோ, திரும்பி வராம போங்க" என்றார் மேனேஜர். அவ்வளவுதான், தளவாய் அப்படியே படியில் உட்கார்ந்து குலுங்கி அழுதான். பால்காய்ப்பு, கோமு, புளிக்குழம்பு எல்லாவற்றையும் சொல்லி அழுதான். ஜெயசீலனுக்கு மனசு இளகிவிட்டது. சரி சரி, போயிட்டு வாங்க என்றார். போனார்கள். வந்தார்கள். காவலாளி கதவைச் சாத்துவதையே விட்டுவிட்டான்.

'போங்க' என்றால் நகர மாட்டார்கள், 'போயிட்டு வாங்க' என்றால் திரும்பி வருவார்கள். வேறு வழி தெரியாமல் மேனேஜர் விடுதி ஜீப்பை எடுத்துக்கொண்டு முன்னால் போனார், லோடு ஆட்டோ பின்னால் போனது. மந்தைக்குளத்தில் தளவாய் வீட்டு வாசலில் இறங்கி, கோமுவிடம் தன் வாயாலேயே சொன்னார்: "போயிட்டு வாங்கன்னு சொல்லித்தாம்மா அனுப்பினேன். நானே சாட்சி." கோமுவின் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு பெரிய மனிதர் வீடு வரை வந்து சொல்கிறார் என்றால் அண்ணன் காதுக்கும் போய்ச் சேரும். இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொன்னாள். ஜெயசீலனுக்கு நிற்கப் பொறுக்கவில்லை. ஜீப்பில் ஏறிக்கொண்டே, பழகிய வாயால், "இருக்கட்டும்மா, நான் போயிட்டு வர்றேன்" என்றார்.

கோமு கூடத்தில் இலை போட்டாள். புளிக்குழம்பு மணந்தது. தளவாய் உட்காரவில்லை. மேனேஜர் வந்துவிடட்டும், சேர்ந்து சாப்பிடலாம் என்றான். கூட்டாளிகளுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. கோமுவும் இன்னொரு இலையைத் துடைத்துப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாள். சோறு ஆறியது. குழம்பில் ஆடை படிந்தது. ரோட்டில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் ஐந்து பேரும் எழுந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

வெகுநேரம் பார்த்துவிட்டுத் தளவாய் வருத்தத்தோடு தலையை ஆட்டினான்.

"படிச்ச மனுசன். அவ்வளவு பெரிய மாளிகையைக் கட்டி ஆளுதாரு. சொன்னதைச் சொன்னபடி செய்யத் தெரியலையே வே."