நாலாவது பாட்டில் அணையும் ஆம்ப்ளிஃபயர்

தூத்துக்குடியில் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் ஜெனிட்டாவுக்கு ஒரே ஒரு சீடர். குருவுக்கு முப்பத்து மூன்று வயது, சீடருக்கு அறுபத்தொன்று. ஞானதிரவியம் சார் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் தொழில் கற்க வந்தவர். முப்பது வருஷத்தில் கரும்பலகையில் ஒரு தப்புகூடப் போட்டதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். நாமும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்வின் தன் பேஸ் ஆம்ப்ளிஃபயரைச் சுமந்துகொண்டு வந்தார். சபைப் பாடகர் குழுவில் பதினைந்து வருஷமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்.

"நாலாவது பாட்டுல அணைஞ்சிருது. மூணு வாரமா இப்படித்தான்."

"தொட்டா சுடுதா அண்ணே?" என்றாள் ஜெனிட்டா.

"கை வைக்க முடியல. தப்பு என் மேலதாம்மா. அழுத்தி வாசிச்சு நானே பாழாக்கிட்டேன்னு குழுவுல சொல்லுதாங்க. மெதுவா வாசிச்சும் பாத்தேன், அப்பவும் அணையுது. என் கையே சரியில்ல போல. வர்ற ஞாயித்துக்கிழமையில இருந்து வேற ஆளை வாசிக்கச் சொல்லிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பார்க்கப் பாவமாக இருந்தது. பெட்டியை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அவர் பேசி முடிக்கும்வரை சார் திருகு டப்பாவுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

ஜெனிட்டா மூடியைக் கழற்றி ஓடவிட்டுப் பார்த்தாள். பெட்டி சூடேறித் தானே அணைந்தது. உள்ளே இருந்த விசிறி அசையவில்லை.

"எங்க ஆரம்பிக்கணும் சார்?"

"விசிறியை மாத்திரலாமே."

"பாத்துட்டு மாத்துவோம்."

பிளக்கைப் பிடுங்கினாள். விசிறிக்குத் தனியாகக் கரண்ட் கொடுத்தாள். அது ஜம்மென்று சுற்றியது. மறுபடி பெட்டியை ஓடவிட்டு, விசிறிக்குக் கரண்ட் கிளம்பும் இடத்தில் மீட்டரை வைத்தாள். அங்கேயும் கரண்ட் இருந்தது.

"ரெண்டும் நல்லாருக்கு. அப்ப நடுவுலதான்."

மீண்டும் அணைத்துவிட்டு வயரைத் தடவிக்கொண்டே போனாள். சர்க்யூட் பலகைக்கு அடியில் வயர் வெட்டப்பட்டு, இரண்டு முனையிலும் டேப் சுற்றியிருந்தது. டேப்பின் ஓரம் ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல நேராக இருந்தது. அந்தக் கடையில் டேப்பை அப்படி வெட்டுகிறவர் ஒருவர்தான்.

ஜெனிட்டா வயரைச் சேர்த்துப் பற்றவைத்தாள். விசிறியில் அப்பியிருந்த தூசியைத் துடைத்தாள். அதன் திருகுகளுக்கு அடியில் ரப்பர் வளையம் போட்டு முடுக்கினாள். விசிறி ஓடியது, சத்தம் இருப்பதே தெரியவில்லை. ஒரு மணி நேரம் பாட்டை ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்புதான்.

சாருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நான்தாம்மா வெட்டினேன்."

"ம்."

"போன மாசம் நீங்க ஊர்ல இல்ல. மௌன ஜெபத்துல விசிறி இரையுது, எல்லாரும் திரும்பிப் பாக்காங்கன்னு எட்வின் வந்தான். சத்தத்தைக் குறைக்க எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லவும் வாய் வரல. வெட்டிட்டு, சரியாயிட்டுன்னு சொல்லி அனுப்பினேன்."

"காலையில அவர் பேசினப்ப?"

"நாக்கு எழும்பல."

வெட்கத்தில் அவர் முகம் சிறுத்துப்போயிற்று. ஜெனிட்டா அவருக்கு ஒரு டீ ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும் சொன்னாள்.

"சாயங்காலம் எட்வின் அண்ணன் வருவாரு. என்ன கோளாறுன்னு நீங்களே சொல்லுங்க."

"வயர் விட்டுப்போயிருந்துச்சுன்னு சொல்லட்டுமா?"

"எதனாலன்னு கேப்பாருல்லா. நீங்க சொல்லலன்னா, நான் அழுத்தி வாசிச்ச அதிர்வுலதான் விட்டுப்போச்சுன்னு அவரே முடிவு பண்ணிக்கிடுவாரு."

சார் காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்காக இல்லம்மா, உங்களுக்காகத்தான் யோசிக்கேன். நடந்ததைச் சொன்னா இந்தக் கடை மேலயே அவனுக்கு நம்பிக்கை போயிரும்லா?"

"போகட்டும் சார், கடை மேல போனதை நான் மெல்லத் திரும்ப வாங்கிக்கிடுவேன். அவருக்குத் தன் கை மேலேயே நம்பிக்கை போயிட்டு. அதை உங்களை விட்டா யார் திருப்பிக் குடுப்பா?"