குங்கிலிய மரத்துக்குப் பலகை வேர் வந்த கதை

மரமும் மிருகமும் பறவையும் ஒன்றோடொன்று வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆனைமலைக் காட்டில் உயரமான மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. எந்த மரமானாலும் யானை துதிக்கையைத் தூக்கினால் எட்டுகிற மட்டத்தோடு நின்றுகொள்ள வேண்டும். யானைகள் போட்ட சட்டம் அது. எட்டாத தழையால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று அவை கேட்டன. பசித்த வயிற்றுக்கு அது நியாயமாகத்தான் பட்டிருக்கும்.

தென்மேற்கு மழை தொடங்குவதற்கு முன்னால் யானைக் கூட்டத்தின் தலைவி மட்டம் பார்க்கக் கிளம்புவாள். பெரியாத்தா என்றுதான் காடு அவளைக் கூப்பிடும். துதிக்கையைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டே மரம் மரமாக நடப்பாள். அதற்கு மேல் ஒரு கொழுந்து தெரிந்தாலும் போச்சு. நெற்றியால் முட்டி அந்த மரத்தைச் சாய்த்துவிட்டுத்தான் நகர்வாள். அதனால் மலை முழுக்க முடி வெட்டிவிட்ட தலை போல ஒரே மட்டமாக இருந்தது.

இதில் அதிகம் அடிபட்டவள் இருவாச்சிப் பறவை. இவ்வளவு பெரிய அலகும் இறக்கையும் இருந்து என்ன? அவள் எந்த மரத்தில் முட்டையிட்டாலும் உடும்பு சாவகாசமாக ஏறி வந்து தின்றுவிட்டுப் போகும். தன் குஞ்சு ஒன்று பறப்பதை அவள் பார்த்ததே இல்லை. ஒரு வருஷம் அப்படி முட்டை போனதும் அவள் மரங்களிடம் போய் அழுதாள்.

"யாராவது ஒருத்தர் கொஞ்சம் மேல வளருங்களே. என்ற வம்சமே அத்துப்போயிரும் போல இருக்குதுங்க."

"அதெப்படி அம்மிணி முடியும்? பெரியாத்தா முட்டுனா நாங்க தாங்குவமா?" என்றது நாவல் மரம்.

அப்போது நாவலின் நிழலுக்கடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் வளர்றேங்க்கா."

இருவாச்சி குனிந்து பார்த்தாள். நாலு இலையோடு ஒரு குங்கிலியக் கன்று நின்றிருந்தது. அழுதுகொண்டிருந்தவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நீயா? என்ற அலகு உசரம்கூட இல்லியே நீ!"

"அதனாலதாங்க்கா பெரியாத்தா என்னையப் பாக்கறதில்ல. அவங்க மேலயேதான் பாத்துட்டுப் போறாங்க."

கன்று சொன்னது உண்மைதான். மட்டம் பார்க்க வருகிற பெரியாத்தா ஒருநாளும் தரையைப் பார்த்ததில்லை. நாலு இலைக் கன்றால் என்ன ஆகிவிடப்போகிறது என்ற நினைப்பு. கன்று மேலே ஒரு விரல்கூட வளராமல், கிடைத்த துளி வெளிச்சத்தையெல்லாம் வேருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் போன வேர்கள் மண்ணுக்குள் தடித்து அகலமாகிக்கொண்டே போயின.

வருஷங்கள் போயின. ஒவ்வொரு வருஷமும் முட்டையைப் பறிகொடுத்துவிட்டு வந்து இருவாச்சி கன்றைத் திட்டுவாள். "வளர்றேன் வளர்றேன்னு சொல்லியே என்னைய ஏமாத்திட்டியேடா!"

"வெளிச்சம் வரட்டுங்க்கா. இருட்டுல மேல போனா நோஞ்சானாத்தான் போவேன். ஒரே முட்டுல சாஞ்சுருவேன்."

ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்தில் பேய்க்காற்று அடித்தது. வயதான அந்த நாவல் மரம் அடியோடு விழுந்தது. காட்டுக் கூரையில் ஓட்டை விழுந்து, அதன் வழியாக வெயில் நேராகக் கன்றின் தலையில் இறங்கியது.

அதற்காகத்தானே அத்தனை வருஷம் காத்திருந்தது! சேர்த்து வைத்திருந்த பலத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு குங்கிலியம் எழுந்தது. அந்தக் காலத்து மழைக்காலம் இப்போது போலக் கண்ணாமூச்சி ஆடுவதில்லை. பெய்தால் பெய்துகொண்டே இருக்கும். விழுந்த நாவலின் கிளைகள் வேலி போலச் சுற்றிக் கிடந்ததால் மானும் மாடும் பக்கத்தில் வரவில்லை. அடுத்த கோடைக்குள் குங்கிலியம் காட்டு மட்டத்தைப் பிளந்துகொண்டு, கீழ்க்கிளைகளையெல்லாம் உதறிவிட்டு, உச்சியில் ரத்தச் சிவப்பாகக் கொழுந்து விட்டு நின்றது. ஒளிந்துகொள்கிற உத்தேசமே அதற்கு இல்லை.

பெரியாத்தா வந்தாள். துதிக்கையைத் தூக்கினாள். எட்டவில்லை. முன்னங்கால்களை நாவல் கட்டையின் மேல் வைத்து எக்கிப் பார்த்தாள். அப்போதும் எட்டவில்லை.

"யாரக் கேட்டுடா வளந்தே?"

"யாரையும் கேக்கலீங்க பெரியாத்தா. இருவாச்சியக்காவுக்கு வாக்குக் குடுத்துட்டனுங்க."

பெரியாத்தா பின்வாங்கி ஓடிவந்து முட்டினாள். மலையே அதிர்ந்தது. மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இருவாச்சி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் மரம் விழவில்லை. இத்தனை காலமும் மண்ணுக்குள் மறைந்திருந்த வேர்கள் தரையைக் கிழித்துக்கொண்டு நாலு பக்கமும் பலகை பலகையாக எழுந்தன. எழுந்து, அடிமரத்தோடு ஒட்டி முட்டுக்கொடுத்து, சாய்ந்த மரத்தை நிமிர்த்தி நிறுத்தின.

"வாங்கடி எல்லாரும்!" என்று பெரியாத்தா பிளிறினாள். தங்கைகளும் மகள்களும் சேர்ந்துகொண்டு முட்டினார்கள். பலகை வேர்கள் இம்மிகூட அசையவில்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு கிளைதான் அதிர்ச்சியில் முறிந்து தொப்பென்று யானைகள் நடுவே விழுந்தது. முறிந்த இடத்தில் ஒரு பொந்து தெரிந்தது.

பெரியாத்தா அண்ணாந்து பார்த்தாள். வாழ்நாளில் முதல்தடவையாக அவளுக்கு ஒரு மரத்தின் நுனி தெரியவில்லை. பிறகு விழுந்த கிளையிலிருந்து ஒரு வாய் தழையைப் பறித்து மென்று பார்த்தாள்.

"தழை நல்லாத்தான் இருக்குது. செயிச்சுட்டடா பயலே. நெழலு குடு, விழறதை நாங்க தின்னுக்கறோம்."

அவள் வாயிலிருந்து அது வந்ததுதான் தாமதம், சுற்றியிருந்த மரங்களெல்லாம் நெட்டி முறித்துக்கொண்டு மேலே கிளம்பின. இருவாச்சி பொந்துக்குள் புகுந்து அலகு நுழைகிற இடுக்கு ஒன்றை மட்டும் விட்டு, வாசலை மண்ணும் எச்சமும் குழைத்து அடைத்துக்கொண்டாள். கணவன் அந்தச் சின்ன இடுக்கு வழியாக அத்திப்பழம் ஊட்டினான். உடும்பு பாதிவரை ஏறிப் பார்த்து, கிளையில்லாத வழவழப்பில் பிடி கிடைக்காமல் வழுக்கி விழுந்தது. அடுத்த கோடையில் இருவாச்சியின் முதல் குஞ்சு வாசலை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. அதன் இறக்கைச் சத்தம் பள்ளத்தாக்கெல்லாம் கேட்க, தாய் தொண்டை கிழியச் சந்தோஷத்தில் கத்தினாள்.

அன்று ஜெயித்த ஜெயத்தால்தான் குங்கிலியக் கன்று இன்றும் இருட்டில் பொறுமையாக நிற்கிறது, வெயில் கிடைத்ததும் பலகை வேர் ஊன்றி வானத்துக்கு ஏறிச் சிவப்பாகத் துளிர்க்கிறது; எவ்வளவு பெரிய யானையானாலும் அதன் வேரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு மரியாதையாகக் கடந்து போகிறது.