உடும்பு வாத்தியாரின் வாய்க்கால்

குளக்கரைக்குக் கீழே, ஓடைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு பள்ளிக்கூடம். அதற்கு ஒரே வாத்தியார், உடும்பு. பாடம் நடக்கும் நேரத்தில் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது விதி. அங்கே ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான்.

மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். இந்த வருஷமும் மூழ்கினால் பள்ளியையே மூடிவிடுவது என்று காடு முடிவு செய்திருந்தது. வாத்தியாருக்கு வேறு வேலை எதுவும் தெரியாது. இந்த வேலை தெரியுமா என்பது வேறு விஷயம்.

அதனால்தான், வாய்க்கால் வெட்டச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று நண்டம்மா நடத்திய மூன்று நாள் ஆசிரியர் பயிற்சிக்கு அவர் போனார்.

"எல்லாரும் மண்ணை அள்ளுங்க!" என்றார் நண்டம்மா.

"நோட்ஸ் கொடுத்துட்டா போதாதா அம்மா?" என்று கேட்டார் நாரை டீச்சர்.

"நோட்ஸ் தண்ணியை வடிக்குமா? பிள்ளைங்க தங்களோட கையால வாய்க்கால் வெட்டணும். தப்பா வெட்டணும். திரும்பவும் வெட்டணும். அதுக்கு முதல்ல நீங்க வெட்டிப் பாருங்க!"

உடும்பு வெட்டினார். எல்லாரையும்விட நேராக வெட்டினார். நண்டம்மா ஒரு கொடுக்கை லேசாக ஆட்டினார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வாத்தியார் ஊர் திரும்பினார்.

மறுநாள் வகுப்பில் சுண்டெலியும் தவளையும் ஆமையும் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடி வந்தன.

"தொடாதீங்க! கோணலாப் போயிடும். வெள்ளிக்கிழமை நண்டம்மா பார்க்க வர்றாங்க. கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க!"

"செய்முறைப் பாடம்னு சொன்னீங்களே சார்?" என்றது சுண்டெலி.

"ஆமாடா. நான் செய்யறேன், நீங்க பார்க்கறீங்க. அதான் செய்முறை!"

எலியும் தவளையும் கையைக் கட்டின. ஆமையால் கட்ட முடியவில்லை. உள்ளே இழுத்துக்கொண்டது.

நான்கு நாள் தனியாக உழைத்து, ஓடைக்கரையைக் குடைந்து, பள்ளத்திலிருந்து ஓடைக்குச் சுரங்கம்போல் ஒரு வாய்க்கால் வெட்டினார் வாத்தியார். அழகுக்காக உள்ளே கிளிஞ்சல்கூட ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. கிளிஞ்சல் பெயர்ந்து வாய்க்காலை அடைத்தது. வாத்தியார் ஓடைப் பக்கமாக நுழைந்து அதைத் தள்ளிக்கொண்டே வந்தார். தலை வகுப்புக்குள் வந்துவிட்டது. வயிறு வரவில்லை. பயிற்சியில் சாப்பாடு நன்றாக இருந்தது.

பள்ளத்தில் தண்ணீர் ஏறியது. எதிரே பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்திருந்தன.

"டேய், வந்து இழுங்கடா!"

"கையை எடுக்கலாமா சார்?"

"எடுங்கடா!"

இழுத்தன. அவர் அசையவில்லை.

"பக்கத்துல வெட்டினாத்தான் வருவீங்க. வாய்க்கால் கெட்டுப்போகும். பரவாயில்லையா சார்?" என்றது தவளை.

வாத்தியார் யோசித்தார். அந்த நிலையிலும் யோசித்தார்.

"நண்டம்மா ஒரு தடவை பார்த்துட்டுப் போனப்புறம்..."

தண்ணீர் மூக்கைத் தொட்டது.

"வெட்டுங்க! கோணலா வெட்டுங்க! எப்படியாவது வெட்டுங்க!"

சுண்டெலி மேலே தோண்டியது. மண் சரிந்து வாத்தியார் தலையில் விழுந்தது. "மேலே வேண்டாம், கீழே!" என்றது தவளை. கீழே தோண்டியதில் கல் தட்டியது. "நான் தாங்கிக்கறேன், நீ பக்கவாட்டுல போ!" என்று ஆமை சரிந்த மண்ணுக்கு முதுகைக் கொடுத்தது. மூன்றாவது முயற்சியில் கரை விட்டது. தண்ணீர் வாத்தியாரையும் உருட்டிக்கொண்டு ஓடையில் போய் விழுந்தது.

பள்ளம் வடிந்தபோது நண்டம்மா வந்து சேர்ந்தார். பாம்பு நெளிவதுபோல் கிடந்த வாய்க்காலைப் பார்த்தார்.

"பள்ளி தப்பிச்சுது. யார் வெட்டினது?"

"பிள்ளைங்கம்மா," என்றார் வாத்தியார், சேற்றைத் துப்பிவிட்டு.

"அப்போ நீங்க என்ன செஞ்சீங்க?"

"அடைச்சுக்கிட்டு இருந்தேன்."

பிள்ளைகள் தாங்களே செய்து, கெடுத்து, திருத்திக் கற்க வேண்டிய பாடத்தை வாத்தியாரே செய்து முடித்தால், அந்தப் பாடத்துக்கு முதல் தடை வாத்தியார்தான்.