காராமணிக்கு நிலவு பார்த்த முயல்

மழை எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு காட்டில் மருதி என்றொரு முயல் இருந்தது, குழந்தைகளே. அதன் துணையைப் போன கோடையில் கழுகு தூக்கிக்கொண்டு போய்விட்டது. மருதிக்கு மிஞ்சியவை குட்டிகளும் ஒரு துண்டு நிலமும்தான்.

அந்த நிலத்தில் மருதி காராமணி பயிரிட்டது. நிலம் மேட்டில் இருந்தது, ஊற்று பள்ளத்தில் இருந்தது. சுரைக்குடுக்கையில் நீர் மொண்டு மேடேறுவதற்குள் பாதி சிந்திவிடும். ஊற்றிவிட்டுத் திரும்பினால் களை நிற்கும். களை பிடுங்கி நிமிர்ந்தால் குட்டிகள் பசி என்று கத்தும்.

பக்கத்து நிலத்தில் ஒரு முள்ளம்பன்றி கிழங்கு போட்டிருந்தது. அது அதிகம் பேசாது. "கோடையில் உன் காராமணியில் பாதி எனக்கு, என் கிழங்கில் பாதி உனக்கு" என்று இரண்டும் பேசி வைத்திருந்தன.

அந்த ஆண்டு காராமணி சரியாக வரவில்லை. பூத்த பூவெல்லாம் உதிர்ந்தது. மருதி வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"இவ்வளவு பாடுபட்டும் இப்படியா? என் கைதான் விளங்காத கையோ!" என்று வாய்விட்டுப் புலம்பியது.

வேலியோரக் கிளையில் ஒரு பச்சோந்தி இருந்தது. இடத்துக்கு இடம் நிறத்தை மாற்றும். ஆளுக்கு ஆள் பேச்சையும் மாற்றும்.

"உன் கையில் குற்றம் இல்லை, தங்கச்சி. நாளில்தான் குற்றம். நீ விதைத்தது தேய்பிறையில்" என்றது அது.

"அதனால் என்ன?"

"என்ன இப்படிக் கேட்டுவிட்டாய்? நிலவு தேய்ந்தால் மண்ணில் உள்ள சாறு கீழே இறங்கும். நிலவு வளர்ந்தால் சாறு மேலே ஏறும். கிழங்குக்குத் தேய்பிறை, காய்க்கு வளர்பிறை. இது தெரியாமல் மாடாய் உழைத்திருக்கிறாயே!"

மருதிக்கு அந்தப் பேச்சு இனித்தது. நிலவைப் பற்றி ஒரு சங்கதி தெரிந்துகொண்டோம் என்பதால் அல்ல. தன்மேல் தப்பு இல்லை என்று சொல்ல ஒரு வாய் கிடைத்ததே, அதனால்.

"இனி நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டது.

"இருக்கிற செடியை விட்டுத் தள்ளு. வளர்பிறை வரட்டும், புதிதாக விதைக்கலாம். அதுவரை கொஞ்சம் படுத்து எழுந்திரு. எப்படி இளைத்துப் போயிருக்கிறாய்!"

படுத்து எழுந்திரு என்று மருதியிடம் யாரும் சொல்லி நெடுநாள் ஆகியிருந்தது. அது சுரைக்குடுக்கையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போயிற்று.

சில நாளில் ஒரு நல்ல மழை பெய்தது. முள்ளம்பன்றி வேலி வழியாகத் தலையை நீட்டியது.

"மண் ஈரமாக இருக்கிறது. விதைக்கவில்லையா?"

"வளர்பிறை இன்னும் பிறக்கவில்லை, அண்ணா. செடி வளர்வதும் வளராததும் நிலவால்தானாமே, மெய்யா?"

"எனக்குத் தெரியாது, அம்மா. இந்த முதுகு வலியோடு அண்ணாந்து பார்க்க முடிவதில்லை. மழை பெய்தால் விதைப்பேன். காய்ந்தால் ஊற்றுவேன். அதற்கே பொழுது சரியாக இருக்கிறது."

இப்படிச் சொல்லிவிட்டு முள்ளம்பன்றி மண்ணைக் கிளறத் திரும்பிவிட்டது. மருதி மட்டும் காத்திருந்தது. வளர்பிறை பிறந்தபோது நிலம் காய்ந்து வெடித்திருந்தது. இருந்தாலும் விதைத்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக முளை எட்டிப் பார்த்தது.

"பார்த்தாயா! இனி எல்லாவற்றையும் நிலவு பார்த்துக்கொள்ளும்" என்றது பச்சோந்தி.

"இலையில் புழு தெரிகிறதே?"

"பௌர்ணமி ஒளி பட்டால் தானே உதிர்ந்துவிடும். நீ தொட்டுக் கெடுக்காதே."

மருதி தொடவில்லை. நீரும் நினைத்தபோதுதான் ஊற்றியது. களை முழங்கால் உயரம் வளர்ந்தது. புழு பெருத்தது. எங்கிருந்தோ வெட்டுக்கிளிகளும் வந்து சேர்ந்தன. பௌர்ணமி வந்தது, போயிற்று. ஒரு காலையில் மருதி போய்ப் பார்த்தால் காராமணியில் இலையே இல்லை. தண்டு மட்டும் குச்சி குச்சியாக நின்றது.

பச்சோந்தி அந்தக் குச்சியொன்றின் மேல்தான் இருந்தது. அதன் வயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

"வளர்பிறையில்தானே விதைத்தேன்? ஏன் இப்படி ஆயிற்று?" என்று மருதி கேட்டது.

பச்சோந்தி மெல்ல மண் நிறத்துக்கு மாறியது. "வளர்பிறைதான். ஆனால் அன்று நிலவைச் சுற்றி வட்டம் கட்டியிருந்தது. வட்டம் கட்டினால் பலிக்காது. அடுத்த வளர்பிறைவரை..."

சொல்லி முடிப்பதற்குள் அதன் நாக்கு நீண்டு, பக்கத்தில் வந்த வெட்டுக்கிளியைச் சுருட்டி உள்ளே இழுத்தது.

மருதி அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

"நான் களை பிடுங்கி வைத்திருந்தபோது உனக்கு இங்கே இரை கிடைத்ததா?"

"அப்போது கொஞ்சம் குறைவுதான்" என்றது பச்சோந்தி, ஒரு கண்ணை மட்டும் திருப்பி.

மருதிக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும் அல்லவா? அது திரும்பி நடந்து முள்ளம்பன்றியிடம் போயிற்று.

"அண்ணா, கொடுக்க என்னிடம் காராமணி இல்லை. கிழங்கு கேட்க எனக்கு வாயும் இல்லை. குட்டிகளுக்காகத்தான் வந்தேன்."

முள்ளம்பன்றி தன் கிழங்குக் குவியலைத் திரும்பிப் பார்த்தது. பிறகு சில கிழங்குகளைத் தள்ளி வைத்தது. "பாதி தர முடியாது, அம்மா. என் வீட்டிலும் வயிறுகள் இருக்கின்றன."

அந்தக் கோடையில் குட்டிகள் அரை வயிற்றோடு கிடந்தன. கடைக்குட்டி எழுந்து நடக்கவும் முடியாமல் சுருண்டு போயிற்று. மருதி பட்டுப்போன புல்லின் வேரைத் தோண்டி, மென்று, அதன் வாயில் ஊட்டியது. எப்படியோ அது பிழைத்தது.

ஒரு பகலில் மேகம் திரண்டு மழை கொட்டியது. மழை விட்டதும் மருதி விதையை எடுத்துக்கொண்டு நிலத்தில் இறங்கியது.

"நில், நில்! இன்று அமாவாசை!" என்று கத்தியது பச்சோந்தி.

"இருக்கட்டும்."

"முளைக்காது, தங்கச்சி!"

"முளைக்காவிட்டால் மறுபடி விதைக்கிறேன்."

எல்லா விதையும் முளைக்கவில்லை. முளைத்ததில் சிலவற்றை வெயில் கொண்டுபோயிற்று. மருதி மேடும் பள்ளமுமாக நடந்து நீர் ஊற்றியது. ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் புழுவை எடுத்தது. கால் கெஞ்சியது; ஆனாலும் நடந்தது. இரை குறைந்ததும் பச்சோந்தி ஓடையைத் தாண்டி வேறெங்கோ போய்விட்டது. அதை மருதி கவனிக்கவும் இல்லை.

காராமணி காய்த்தது. போன ஆண்டுக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே முள்ளம்பன்றிக்குக் கொடுத்துவிட்டு, மருதி வரப்பில் சாய்ந்தது. குட்டிகள் பச்சைக் காயை நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அதற்குக் கண் சொக்கியது. கடைக்குட்டி ஒரு காயை எடுத்துத் தாயின் முகத்தருகே வைத்துவிட்டு, எழுப்பாமல் போயிற்று.

நீதி: சோர்ந்தவர் காதுக்கு இனிக்கும் சாக்கு, காய்ந்த பயிருக்கு நீர் ஆகாது.